தட்டில் கிடந்த இலைகள்

வெட்டிய இலைக்குப் பொறுமை கிடையாது. மனுஷனுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் உடம்பு ஏதோ தாக்குப்பிடிக்கும். இலை அப்படி இல்லை. கத்தரிக்கோல் பட்ட நொடியிலேயே தன் தோலைத் தானே அரிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்த ஆய்வுக்கூடத்தில், இலையை வெட்டினால் மறுபேச்சில்லாமல் ஆவி பறக்கிற ஆல்கஹாலில் போட வேண்டும் என்பது சட்டம். வெட்டு, போடு. அடுத்த இலை. வெட்டு, போடு. நடுவில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவந்தவருக்கு வெந்நீர் அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. காலையில் வந்ததும் சுடுநீர்த் தொட்டியைப் போட்டு, அதில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, உள்ளே இருக்கிற ஆல்கஹால் எழுபத்தைந்து டிகிரிக்கு வரும் வரை பக்கத்திலேயே காவல் நிற்பார். வாய்த்துடுக்கான மாணவன் ஒருவன் எப்போதோ வைத்த பெயர். வைத்தவன் பட்டம் வாங்கிப் போய்விட்டான், பெயர் இங்கேயே தங்கிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெயாலான ஒரு தோல் உண்டு. படித்தவர்கள் அதைச் சவ்வு என்பார்கள், சவ்விலிருக்கிற கொழுப்பை லிப்பிட் என்பார்கள். வேலியும் அதுதான், கதவும் அதுதான். வெளியே வெயிலா குளிரா என்று உள்ளே சேதி சொல்வதும் அதுதான். குளிர் நாளில் அடுக்களை எண்ணெய் உறைகிற மாதிரி இந்தத் தோலும் இறுகும். இறுகினால் விரிசல் விடும், விரிசல் விட்டால் செடி போச்சு. ஒரே ஒரு பனியில் உருளைக்கிழங்கு வயல் முழுக்கக் கறுத்துக் கருகிப் போவது இதனால்தான். இங்கே ஒரு மரபணுவை உள்ளே புகுத்தி, குளிரிலும் இறுகாத இளகிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளும் உருளைச் செடியை உண்டாக்கியிருந்தார்கள். அதற்குப் 'புதுசு' என்று பெயர். மரபணு ஏறாத பழைய செடிக்குச் 'சாதா' என்று பெயர்.

தோல் கிழிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கொழுப்பு சிதையும்போது பாஸ்பாடிடிக் அமிலம் என்று ஒன்று உண்டாகும். சொல்வதற்குள் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எல்லோரும் பி.ஏ. என்பார்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது ஏறினால் செடி அவதிப்படுகிறது, இறங்கினால் நிம்மதியாக இருக்கிறது.

இந்த ஆராய்ச்சி முழுக்க ஒருத்தியின் தலையில் இருந்தது. அவளை எல்லோரும் ஆறாம் வருஷம் என்று கூப்பிட்டார்கள். நாலு வருஷத்தில் முடிய வேண்டிய முனைவர் படிப்பு. போன வருஷம் அவள் பெயர் ஐந்தாம் வருஷம். நாள்காட்டி மாறியதும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. நடுவில் கல்யாணம் ஆனது, குழந்தையும் பிறந்தது. கணவனுக்கு ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் வேலை. குழந்தை அவனிடம், நாத்தனார் ஒத்தாசையில் வளர்ந்தது. அம்மா என்றால் போனில் தெரிகிற முகம் என்றுதான் அந்தப் பொண்ணுக்குப் பழக்கம். அடுத்த மாதம் அதற்கு முதன்முதலாகப் பள்ளிக்கூடம். முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது நான்தான் என்று ஆறாம் வருஷம் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

கொடுத்ததில் தப்பில்லை. பனி பட்ட பிறகு எடுத்த இலைகளில், சாதாவில் பி.ஏ. வானத்துக்கு ஏறியிருந்தது, புதுசில் தரையோடு கிடந்தது. நாலு தடவை எடுத்தார்கள், நாலு தடவையும் அப்படியே வந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவியான மேடம், யாரையும் வாய்விட்டுப் பாராட்டி அறியாதவர், "நல்லா இருக்கு" என்றார். கட்டுரை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போயிற்று. பத்திரிகைக்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்: பனியே படாத செடிகளில் பி.ஏ. எவ்வளவு? அதையும் அளந்து இரண்டு வாரத்தில் அனுப்பிவிட்டால் கட்டுரை வந்துவிடும், பட்டம் வந்துவிடும், ஆறாம் வருஷம் வீட்டுக்குப் போய்விடலாம்.

இனி வெந்நீர் அண்ணனின் கட்டைவிரல். போன மழைக்காலத்தில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் பாட்டில் மூடி திறக்க வரவில்லை, பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை, அப்புறம் கத்தரிக்கோலே பிடிக்க வரவில்லை. மூன்று இலை வெட்டினால் ஊசி குத்தும். பத்து வெட்டினால் வலி தோளுக்கு ஏறும். வீட்டில் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஆபீஸ்ல சொல்லித் தொலைங்களேன். வேற வேலை குடுப்பாங்க."

"எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஊருக்கெல்லாம் நீங்க வெந்நீர் போடுறீங்க, உங்க கைக்கு ஒத்தடம் குடுக்க நான் போடுறேன். நல்லா இருக்கு இந்தக் குடும்பம்."

அவர் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று பட்டம் இருந்தது. அவருக்கு இருந்தது கைவேகம் ஒன்றுதான். அது போய்விட்டது என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்ள எந்த மனுஷனுக்குத்தான் மனசு வரும்?

சொல்லாமல் என்ன செய்தார் என்றால், புதுச் செடிகளை முதலில் எடுத்தார். மூன்று வருஷம் பாடுபட்டுத் தேற்றிய செடிகள். அதில் ஒரு இலை வீணானாலும் ஆறாம் வருஷத்துக்கு நஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு, முறை தவறாமல், வெட்டு, போடு என்று எடுத்தார். சாதா முறை வரும்போது கை செத்திருக்கும். ஒவ்வொரு இலைக்கும் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதும்தான் உயிர் போகிற வலி. அதனால் சாதாவில் மட்டும், ஒரு செடியின் ஆறு இலைகளையும் ஒரே பிடியில் வெட்டித் தட்டில் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையை உதறி உதறி ஆற்றிக்கொண்டு, பிறகு இடது கையால் இடுக்கி பிடித்து ஒவ்வொன்றாகக் குழாயில் போட்டார். மூன்று நிமிஷம் ஆகும், நாலு ஆகும். சாதாதானே, தலையா போய்விடும் என்று நினைத்தார். பனியே படாத செடிகளையும் இந்த வாரம் அதே மாதிரிதான் எடுத்துக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அளவு வந்தது. லிப்பிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கிற பெரிய கருவிக்கு ஒரு அறை, அதற்கு ஒரு ஆள். மெஷின்காரர் என்பார்கள். குளிரூட்டிய அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பேச்சே குறைந்துபோன மனிதர். வெந்நீர் அண்ணன் மிச்சக் குழாய்ப் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, உள்ளே ஆறாம் வருஷம் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனியே படாத செடி இது," என்றார் மெஷின்காரர். "புதுசுல பி.ஏ. இல்ல, சரி. சாதாவுல ஏன் இவ்வளவு நிக்குது?"

"செடி வாடியிருந்துதோ என்னமோ சார்."

"வாடல் மாதிரி தெரியல. இது காத்துக் கெடந்த இலை. வெட்டி எங்கயோ வெச்சிருக்காங்க."

அவள் சிரித்தாள். "அண்ணன் எடுத்தது சார். அவர் கைவேகத்துக்கு, தன்னை வெட்டினதே இலைக்குத் தெரியாது."

"அவரா எடுத்தாரு? அப்ப அது இல்ல. வேற ஏதோ."

சில பாராட்டு செருப்பால் அடித்த மாதிரி விழும். வெந்நீர் அண்ணன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சுடுநீர்த் தொட்டியின் முன்னால் வந்து நின்ற பிறகும் காது சுட்டது.

மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். சாதாச் செடிக்கு இயல்பாகவே கொஞ்சம் பி.ஏ. இருக்கும்போல, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கொஞ்சம் வித்தியாசம் நிற்கிறதே, அப்படியே எழுதிவிடலாம் என்றார். ஆறாம் வருஷம் அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வளர்ப்பு அறையில் மிச்சமிருந்த ஒரு சாதாச் செடியை எடுத்தார். ஆறு இலையை, வலி வந்தால் வரட்டும் என்று, ஒன்று ஒன்றாக வெட்டி வெட்டிப் போட்டார். அதே செடியில் இன்னும் ஆறு இலையைத் தட்டில் கிடத்தி, கையை உதறி, நாலு நிமிஷம் கழித்துப் போட்டார். கொழுப்பைப் பிரித்தெடுத்து, குழாய்களில் எண் மட்டும் எழுதி, திங்கட்கிழமை மெஷின்காரரிடம் கொடுத்தார்.

"யாரோட சாம்பிள்?"

"என்னோடதுதான் சார்."

செவ்வாய்க்கிழமை மெஷின்காரர் ஒரு தாளை மடித்துக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரே செடி, பனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தட்டில் கிடந்த இலையில் பி.ஏ. ஆறு மடங்கு. கட்டுரையில் போட்டிருந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். பனி செய்த வேலை என்று நாலு படம் போட்டு எழுதியிருந்தார்களே, அதைச் செய்தது அவருடைய கட்டைவிரல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், உடைத்தது வீட்டு ஆள்.

கண்ணாடி கழுவுகிற அறைக்கு அவளைக் கூப்பிட்டார். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் பேச்சு வெளியே போகாது.

"ஒண்ணு சொல்லணும்மா. கோச்சுக்காம கேளு. கோச்சுக்கிட்டாலும் பரவால்ல."

எல்லாவற்றையும் சொன்னார். விரல், தட்டு, நாலு நிமிஷம், மடித்த தாள். அவள் தாளை விரித்துப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"அப்ப நாலு தடவையும்."

"நாலு தடவையும்தான்." "தப்பு முழுக்க என்னோடது. மேடம்கிட்ட நானே சொல்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ இதுல வராத."

"தெரியும் அண்ணே."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"ரெண்டாவது தடவை எடுத்தப்ப, நோட்டை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். கதவுக் கண்ணாடியில பாத்தேன். தட்டுல இலை கெடந்துது. நீங்க கைய ஒதறிக்கிட்டு நின்னீங்க. மொகத்தப் பாத்தா அழுதுருவீங்க போல இருந்துது. உள்ள வர மனசு வரல. அப்புறமா கேட்டுக்கலாம்னு போயிட்டேன்."

"கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ரிசல்ட் வந்துருச்சு. அவ்வளவு அழகா வந்துச்சு. அஞ்சு வருஷத்துல எனக்கு ஒண்ணுகூட அப்படி வந்ததில்ல. அப்புறம் எப்படிக் கேக்குறது?"

"அன்னிக்கு மெஷின் ரூம்ல என் கையப் பத்தி அப்படிப் பேசினியே."

"வாய் தானா பேசிருச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் தனியாகச் சுமக்கிறோம் என்று செத்துக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே இன்னொரு ஆள் வாயை மூடிக்கொண்டு அதே பாரத்தைச் சுமந்திருக்கிறது. உடனே அவமானமும் வந்தது. அந்தப் பொண்ணின் வாயை மூடவைத்ததே தன் முகம்தானே.

"நீங்க ஏன் அண்ணே சோதிச்சுப் பாத்தீங்க?" என்றாள். குரலில் குற்றம் சாட்டுகிற தெம்புகூட இல்லை. "பாக்காம இருந்திருக்கலாம்ல. மேடம் சொன்ன மாதிரி எழுதி அனுப்பியிருப்போம். புதுச் செடி பனியில பொழைக்குது. அது உண்மைதானே?"

"பொழைக்குது. ஏன் பொழைக்குதுன்னு நூறு பக்கம் எழுதியிருக்கியே, அது?"

அவள் தாளை மறுபடி மடித்தாள். அப்போதுதான் வெந்நீர் அண்ணன் ஒரு காரியம் செய்தார். நினைத்துப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"நீ சொல்றதுதாம்மா. அனுப்பிடலாம்னு நீ சொன்னா, நான் செத்தாலும் வாயத் தெறக்க மாட்டேன்."

பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? பாறாங்கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிட்டு, உன் இஷ்டம் என்று கையைத் தட்டிக்கொள்வதா? அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த, சரியாகத் தூங்கி எத்தனையோ நாளான முகம். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. சரி அனுப்பிடலாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. சொன்னால் அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவள்தான் சொன்னவள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். நேராக நடந்து போய் மேடத்தின் கதவைத் தட்டினார். பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. வர வேண்டாம் என்று சொல்லத் திரும்பினார். அவள் அவரைத் தாண்டி முதலில் உள்ளே போய்விட்டாள்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். ஆறாம் வருஷம் தான் பார்த்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அவர் செஞ்சது ஒண்ணு. நீ பாத்துட்டு பேசாம இருந்தது அதைவிட மோசம்," என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"பத்திரிகைக்கு நான் எழுதிக் கட்டுரைய வாபஸ் வாங்கிடுறேன். நாலையும் திருப்பி எடுக்கணும். செடி வளரணும், பனி குடுக்கணும். ஆறு மாசம். நீயே வெட்டு. எது புதுசு எது சாதான்னு வெட்டுற ஆளுக்குத் தெரியக்கூடாது, தொட்டியில நம்பர் மட்டும்." பிறகு வெந்நீர் அண்ணன் பக்கம் திரும்பினார். "கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னை எதுக்கு வெச்சிருப்பீங்க மேடம்?"

"உங்க கைய மட்டும்தான் வெச்சிருந்தோம்னு நெனச்சீங்களா?"

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேறு எதற்காக வைத்திருந்தோம் என்று மேடமும் சொல்லவில்லை. நாளையிலிருந்து தொட்டிகளுக்கு நம்பர் எழுதுகிற வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். நம்பர் எழுதவும் கட்டைவிரல் வேண்டும் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் வளர்ப்பு அறையில் இரண்டு பேரும் புதுத் தொட்டிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம்பர் சீட்டுகளை இப்போது அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள், அவர் இடது கையால் ஒட்டிக்கொண்டு வந்தார். போன் அடித்தது. அவள் மண் கையோடு அதை அலமாரியில் சாய்த்து வைத்தாள். கணவனிடம் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. இப்போது திரையில் குழந்தை, மடிப்புக் கலையாத புதுச் சீருடையில்.

"அம்மா, இது பாரு. பாக்கெட் இருக்கு."

"அழகா இருக்குடா கண்ணு. அம்மா ஒண்ணு சொல்லட்டா? அம்மாவால இப்ப வர முடியலடா. இங்க வேலையத் திருப்பிச் செய்யணும். கொஞ்சம் நாளாகும்."

வெந்நீர் அண்ணன் சீட்டை ஒட்டுவதை நிறுத்திவிட்டார். வெளியே போய்விடலாம் என்று நினைத்தார், ஆனால் போகவில்லை. இந்த அழுகையை நின்று கேட்டால்தான் தனக்குச் சரி என்று பட்டது. அது பாட்டுக்குப் புரண்டு அழட்டும், தன்னைத் திட்டட்டும்.

"சரிம்மா," என்றது குழந்தை.

"சரியாடா?"

"ம். அப்பா கூட்டிட்டுப் போவாரு. நீ வர மாட்டேன்னு அத்தைகிட்ட அப்பவே சொன்னேன்." சொல்லிவிட்டுப் பாக்கெட்டைத் திறந்து உள்ளே பார்த்தது. "போன் வெச்சிடட்டுமா?"

திரை அணைந்தது. ஆறாம் வருஷம் மண்வாரியை எடுத்து அடுத்த தொட்டியை நிரப்பினாள். அது நிரம்பி, மண் வெளியே வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"அழவே இல்ல அண்ணே," என்றாள். "அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும்."